இரண்டு பைட் வெற்றிடம்: சென்சார் பஃபரில் அலைன்மென்ட் என்றால் என்ன?

புதுவயலில் தெரிந்தவர் ஒருவருக்கு அரிசி ஆலை இருக்கிறது. அங்கே ஒரு மோட்டாரின் பேரிங் போகப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க, அதன் முதுகில் ஓர் அதிர்வு சென்சாரை ஒட்டி, பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை வைத்தேன். 2025 ஜூன் 16, திங்கட்கிழமை காலை 9 மணி சுமாருக்கு முதல் வரைபடம் வந்தது. மோட்டார் அப்போது ஓடவே இல்லை. ஆனால் வரைபடத்தில் 0.38 ஜி அளவுக்குக் குதித்துக்கொண்டிருந்தது. ஒரு ஜி என்பது பூமியின் ஈர்ப்பு தரும் முடுக்கம்.

ஆலையின் ஃபிட்டர் அண்ணனிடம் காட்டினேன். அவர் மோட்டாரை ஓடவிட்டார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி அரை நிமிடம் கேட்டார். "பேரிங் கல்லு மாதிரி இருக்கு தம்பி. ஒம் பெட்டிதான் ஆடுது."

"டிரைவர்ல ஏதோ பிரச்சினைன்னு நினைக்கிறேன் அண்ணே."

"எந்த வண்டி?"

ஆலையில் டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர்தான். கம்ப்யூட்டரில் டிரைவர் என்பது வேறு. சென்சாரோடு பேசி, அது தரும் அளவுகளை வாங்கி, நினைவகத்தில் ஓர் இடத்தில் வரிசையாக அடுக்கி, நம் நிரல் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் அது. அடுக்கிவைக்கும் அந்த இடத்துக்குப் பெயர் பஃபர். அடுக்கும் கணக்கில் டிரைவர் ஒன்றை நினைத்து, படிக்கிற நிரல் இன்னொன்றை நினைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் சென்சார் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று அச்சுகளில் அளக்கும். ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 2 பைட். மூன்றுக்கும் 6 பைட். கூடவே, எப்போது அளந்தது என்பதற்கு நேர முத்திரை ஒன்று வரும். அது 1970 ஜனவரி 1 முதல் இதுவரை ஓடிய நானோநொடிகளின் எண்ணிக்கை, 8 பைட். ஆறும் எட்டும் பதினாலு. நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அப்படித்தான் கூட்டினேன். பைத்தான் மொழியில் எழுதிய நிரலில் 14 பைட், 14 பைட்டாக வெட்டிப் படித்தேன்.

உண்மையில் டிரைவர் ஒவ்வொரு முறையும் எழுதியது 16 பைட்.

அந்தக் கூடுதல் 2 பைட் எங்கிருந்து வந்தது? நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் 0, 1, 2, 3 என்று ஒரு முகவரி உண்டு. 2 பைட் எண்ணை 2-இன் மடங்கான முகவரியிலும், 4 பைட் எண்ணை 4-இன் மடங்கிலும், 8 பைட் எண்ணை 8-இன் மடங்கிலும் வைப்பது வழக்கம். இதைத்தான் அலைன்மென்ட் என்கிறார்கள்.

பள்ளத்தூரில் எங்கள் பாட்டி வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. 8 அங்குலச் சதுரக் கல். அதே அளவுள்ள ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதைக் கல்லின் ஓரத்தோடு ஓரம் பொருத்தி வைத்தால் அது ஒரே கல்லின் மேல் நிற்கும். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் இரண்டு கல்லின் மேல் ஏறி நிற்கும். செயலி நினைவகத்திலிருந்து எடுக்கும்போது பைட் பைட்டாகப் பொறுக்குவதில்லை, முழுக் கல்லாகத்தான் பெயர்த்து எடுக்கும். தட்டு ஒரே கல்லில் இருந்தால் ஒரு தடவையில் வேலை முடியும். இரண்டின் மேல் இருந்தால் இரண்டையும் எடுத்து, தேவையான பகுதிகளை வெட்டி ஒட்ட வேண்டும்.

சில செயலிகள் அந்த வெட்டி ஒட்டும் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். நம் மேசைக் கணினிகளில் இருக்கும் இன்டெல் வகை அப்படித்தான். ராஸ்பெர்ரி பையில் இருக்கும் ஏஆர்எம் செயலியும் சாதாரணப் படிப்பு, எழுத்துக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னப் பலகையில் இருப்பது கார்டெக்ஸ் எம்0 பிளஸ். அதற்கு இந்தப் பேச்சே கிடையாது. தவறான முகவரியில் கை வைத்தால் ஹார்டுஃபால்ட், நிரல் அங்கேயே நின்றுவிடும். பழைய ஏஆர்எம் செயலிகள், அதாவது ஐந்தாம் பதிப்பு வரையிலானவை, இன்னும் மோசம். 4 பைட் எண்ணைத் தவறான முகவரியிலிருந்து படித்தால் நிற்கவும் மாட்டா, சரியாகவும் தரமாட்டா. அருகிலுள்ள சரியான முகவரியின் நான்கு பைட்டுகளைச் சுழற்றி வேறோர் எண்ணாகக் கையில் கொடுக்கும். என்னைக் கேட்டால் நின்றுபோவதே மேல். நிற்கிற நிரல் பிழை எங்கே என்று காட்டிவிடும்.

சரி, நம் பஃபருக்கு வருவோம். 6 பைட் முடிந்ததும் அடுத்த முகவரி 6. அங்கே 8 பைட் நேர முத்திரையை வைக்கக்கூடாது, 6 என்பது 8-இன் மடங்கு இல்லையே. அதனால் 6, 7 ஆகிய இரண்டு இடங்களைச் சும்மா விட்டுவிட்டு 8-இல் வைக்கிறார்கள். சும்மா விட்ட அந்த இடத்துக்குப் பேடிங் என்று பெயர். 6, 2, 8, ஆக மொத்தம் 16.

ஆலையில் அன்று காலை சேமித்த கோப்பை ஹெக்ஸ்டம்ப் என்ற கட்டளையால் திறந்தால் முதல் வரி இப்படி இருந்தது. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கின்றன, இரண்டு இலக்கம் ஒரு பைட்:

52 00 37 00 12 40 00 00 80 35 61 27 95 68 49 18

இதில் சின்ன பைட் முதலில், பெரிய பைட் பிறகு. எனவே 52 00 என்பதை 0052 என்று திருப்பிப் படிக்க வேண்டும். தசமத்தில் 82, அது எக்ஸ். 37 00 என்பது 55, ஒய். 12 40 என்பது 4012, தசமத்தில் 16402, இசட். என் சென்சாரில் 16384 என்றால் ஒரு ஜி. சென்சார் மல்லாந்து கிடப்பதால் இசட் அச்சில் பூமியின் ஈர்ப்பு ஒரு ஜி வரத்தான் வேண்டும். வந்திருக்கிறது. அடுத்த 00 00 நம் வெற்றிடம். மீதி எட்டும் நேரம். திருப்பிப் போட்டுக் கணக்கிட்டால் ஜூன் 16, இந்திய நேரம் காலை 9 மணி 5 நிமிடம். எல்லாம் கச்சிதம்.

இதே வரியை 14 பைட் என்று நினைத்துப் படித்தால் என்ன வரும்? எக்ஸ், ஒய், இசட் சரியாகவே வரும், ஏமாந்துபோவதே அதனால்தான். நேரத்துக்கு மட்டும் 00 00 80 35 61 27 95 68 என்ற எட்டை எடுத்துக்கொள்ளும். அதைத் தேதியாக மாற்றினால் 2208-ஆம் ஆண்டு. மோட்டார் இருக்குமோ என்னவோ, நாம் யாரும் இருக்கமாட்டோம்.

அடுத்த பதிவு இன்னும் வேடிக்கை. 14 பைட்டோடு வெட்டியதால் முதல் வரியின் கடைசி இரண்டு பைட் மிஞ்சுகிறது: 49 18. அது இரண்டாம் பதிவின் எக்ஸ் ஆகிவிடுகிறது. 1849 என்பது தசமத்தில் 6217. அதை 16384-ஆல் வகுத்தால் 0.38. நின்றுகொண்டிருந்த மோட்டாரை ஆட்டியது இந்த எண்தான்! மூன்றாம் பதிவில் அதே 6217 ஒய்க்குப் போகும், நான்காவதில் இசட்டுக்கு. ஐந்தாம் பதிவில் மூன்று அச்சுமே நேர முத்திரையின் துண்டுகள். இப்படியே இரண்டிரண்டு பைட்டாக நழுவி, ஒன்பதாம் பதிவில் திரும்பவும் எக்ஸ், ஒய், இசட் சரியாக வந்து உட்காரும். 14-ம் 16-ம் 112-இல் சந்திக்கின்றன. நிஜமான ஏழு அளவுகளை நான் எட்டாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கண்டுபிடித்ததும் என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. ஜூன் 18 புதன்கிழமை காலை 7:20-க்கு அந்த 6217 திடீரென்று 6218 ஆனது. இரண்டு நாளாக இம்மியும் அசையாமல் இருந்துவிட்டு, சரியாக ஒன்று மட்டும் கூடியது. எந்த பேரிங்கும் அப்படி அதிராது. அப்படி நடந்துகொள்வது கடிகாரம் மட்டும்தான். நானோநொடி எண்ணின் மேல் இரண்டு பைட் மூன்றேகால் நாளுக்கு ஒருமுறை ஒன்று கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பிழையின் வேர் பைத்தானில் நான் எழுதிய ஒரே ஒரு குறி. பைத்தானின் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் பைட்டுகளை எப்படிப் பிரிப்பது என்று எழுத்துகளால் சொல்ல வேண்டும். 2 பைட் எண்ணுக்கு எச், 8 பைட் எண்ணுக்கு க்யூ. முன்னால் < என்று போட்டால் சின்ன பைட் முதலில் என்று அர்த்தம். ஆனால் அதோடு இன்னொரு வேலையும் அந்தக் குறி செய்கிறது: இடையில் வெற்றிடம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. மூன்று எச், ஒரு க்யூவுக்கு < போட்டால் 14. எதுவும் போடாமல் விட்டால் அந்தக் கணினியின் வழக்கப்படி வெற்றிடம் சேர்த்து 16. நான் பார்த்து எழுதிய மாதிரி நிரலில் நான்கு எச் இருந்தது. நான்கு என்றால் 8 பைட், அதற்குப் பிறகு 8-ஆம் முகவரியில் நேரம் தானாகவே பொருந்தும். அங்கே வெற்றிடத்துக்கு வேலையே இல்லை. என்னிடம் மூன்று அச்சுதானே என்று ஓர் எச்சை அழித்தேன், அத்தோடு சிக்கினேன்.

திருத்தமும் அதே அளவு சின்னது. வெற்றிடத்தையும் எழுதிக் காட்டுவது. அந்த மாட்யூலில் சிறிய எக்ஸ் எழுத்து ஒரு பைட்டைத் தாண்டிப் போகச் சொல்லும். மூன்று எச்சுக்கும் க்யூவுக்கும் நடுவில் இரண்டு எக்ஸ் போட்டேன். அப்புறம் மொத்த அளவு 16 இல்லை என்றால் ஓடவே கூடாது என்று மேலே ஒரு சோதனை வரியும் சேர்த்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நேர முத்திரை வேண்டாம் என்று அணைத்துவிட்டால், இந்த மூன்று அச்சுக்கு 6 பைட் மட்டும்தான் வரும். வெற்றிடம் வந்ததே 8 பைட்காரருக்காகத்தான். அவர் போனால் அதுவும் போய்விடும்.

இதுவரை சொன்னது படிக்கிற பக்கத்தின் தவறு, என் தவறு. ஆனால் ஹெக்ஸ்டம்பைக் கீழே கீழே பார்த்துக்கொண்டு போனபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த இரண்டு வெற்று பைட் எல்லா வரியிலும் 00 00 ஆக இல்லை. சில வரிகளில் ஏதேதோ எண்கள். சென்சார் பலகையோடு கிடைத்த டிரைவரின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். பஃபரை 2 பைட் எண்கள் எட்டு கொண்ட வரிசையாக, ஃபங்ஷனுக்குள்ளேயே தற்காலிகமாக அறிவித்திருந்தார்கள். எட்டு இரண்டு பதினாறு, இடம் போதும். ஆனால் அதில் இரண்டு பிழைகள் இருந்தன.

முதல் பிழை, 2 பைட் எண்களின் வரிசை என்று சொன்னால் கம்பைலர் (நாம் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) அதை 2-இன் மடங்கான எந்த முகவரியிலும் வைக்கலாம். 8-இன் மடங்கில் வைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ராஸ்பெர்ரி பையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் சென்சார்களைக் கவனிக்கும் பகுதிக்கு ஐஐஓ என்று பெயர். நேர முத்திரையோடு பஃபரை அனுப்ப அதில் இருக்கும் ஃபங்ஷன், கொடுத்த இடத்தை 8 பைட் எண்களின் வரிசையாகப் பாவித்து, கடைசி 8 பைட்டில் நேரத்தை எழுதும். பஃபர் 8-இன் மடங்கில் தொடங்குகிறது என்று அது நம்புகிறது. டிரைவர் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. ராஸ்பெர்ரி பையில் செயலி பொறுத்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது, வெற்றிடத்தை யாரும் துடைக்கவில்லை. தற்காலிக இடம் என்பது ஸ்டாக்கில் இருக்கும். அங்கே சற்றுமுன் வேறு ஏதோ ஃபங்ஷன் விட்டுப்போன மிச்சம் கிடக்கும். 6 பைட்டை நிரப்பினோம், 8 பைட்டை நிரப்பினோம், நடுவில் 2 பைட்டைத் தொடவே இல்லை, அப்படியே தூக்கிப் பயனருக்கு அனுப்பினோம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் கிடந்த துண்டு துணுக்குகள் வெளியே கசிகின்றன. இரண்டு பைட்தானே என்று தோன்றும். நொடிக்கு நூறு தடவை என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

இது ஏதோ ஒரு மலிவு டிரைவரின் கதை மட்டும் இல்லை. இதே பிழை லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஏராளமான சென்சார் டிரைவர்களில் இருந்தது. லார்ஸ்-பீட்டர் கிளாசன் சுட்டிக்காட்ட, ஐஐஓ பகுதியைப் பராமரிக்கும் ஜோனதன் கேமரன் 2020 வாக்கில் ஒவ்வொரு டிரைவராக எடுத்துத் திருத்தினார். அனுபவசாலிகள் எழுதி, அனுபவசாலிகள் சரிபார்த்துச் சேர்த்த நிரல்கள் அவை. ஆகவே முதல் டிரைவரிலேயே இதில் விழுந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேமரன் செய்த திருத்தம் படிப்பதற்கே சுகமானது. வெறும் எண் வரிசைக்குப் பதிலாக ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல மாறிகளை ஒன்றாகக் கட்டிய சி மொழித் தொகுப்பு. உள்ளே முதலில் மூன்று 2 பைட் எண்கள், அடுத்து நேரத்துக்கென்று ஒரு 8 பைட் எண், அதன் பக்கத்தில் 'இதை 8-இன் மடங்கில் வை' என்று வெளிப்படையாக ஒரு குறிப்பு. இவ்வளவு சொன்னால் மீதியைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். நடுவில் வெற்றிடத்தை அதுவே விடும், மொத்த ஸ்ட்ரக்டையும் 8-இன் மடங்கில் வைக்கும். ஸ்ட்ரக்ட் ஸ்டாக்கில் இருந்தால் நிரப்புவதற்கு முன் மெம்செட்டால் முழுவதையும் பூஜ்யமாக்க வேண்டும். டிரைவரின் சொந்த நினைவகத்தில் இருந்தால் தொடக்கத்திலேயே பூஜ்யமாக்கித்தான் தருவார்கள். அங்கே மிஞ்சினால் அதே சென்சாரின் பழைய அளவுதான் மிஞ்சும், கெர்னல் ரகசியம் இல்லை.

'8 பைட் எண்ணை 8-இன் மடங்கில் வை' என்று தனியாகச் சொல்வானேன், கம்பைலருக்கே தெரியாதா? 64-பிட்டில் தெரியும். ஆனால் லினக்ஸில் 32-பிட் இன்டெல் வகைக்கு, ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் 8 பைட் எண் 4-இன் மடங்கில் இருந்தால் போதும். இரண்டு அச்சு மட்டும் உள்ள சென்சாரை நினைத்துப் பாருங்கள். அளவுகள் 4 பைட்டில் முடிகின்றன. கம்பைலர் நேரத்துக்கு 4-ஆம் முகவரியில் இடம் ஒதுக்கும். ஐஐஓ 8-இல் எழுதும். ஒரே நிரல், இரண்டு கணினியில் இரண்டு விதம்.

வெற்றிடம்தானே தொல்லை, அதையே ஒழித்துவிடலாம் என்று சிலர் ஸ்ட்ரக்டுக்குப் பேக்ட் என்ற அடையாளத்தைப் போடுவார்கள். நெருக்கி அடுக்கு என்று பொருள். இந்த இடத்தில் அது மருந்தல்ல, விஷம். ஸ்ட்ரக்ட் 14 பைட்டாகச் சுருங்கும். ஐஐஓ தன் கணக்குப்படி 8 முதல் 15 வரை எழுதும். கடைசி இரண்டு பைட் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் விழும். அங்கே என்ன மாறி இருந்ததோ, அது காலி.

சென்சாரிலிருந்து பைட்டுகளை வாங்கும் இடத்திலும் அலைன்மென்ட் காலை வாரும். சென்சாரையும் கணினியையும் இணைக்கும் எஸ்பிஐ கம்பிகளில் பேசும்போது நாம் முகவரியை அனுப்பும் நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குப்பை பைட் வரும். உண்மையான அளவு இரண்டாம் பைட்டில்தான் தொடங்கும், அதாவது 1 என்ற இடத்தில். அந்த இடத்தைக் காட்டி 'இதை 2 பைட் எண்ணாக எடுத்துக்கொள்' என்று சி மொழியில் பாயின்டரை (முகவரியைச் சுட்டும் மாறியை) மாற்றினால் ஒற்றைப்படை முகவரியில் மாட்டிக்கொள்வோம். அர்டுயினோ யூனோ என்ற பலகையில் நான் இப்படி எழுதி மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். அது 8-பிட் செயலி, அதற்கு எல்லா முகவரியும் ஒன்றுதான். அதே நிரலை பிக்கோவில் ஏற்றினேன், உடனே ஹார்டுஃபால்ட். எரிச்சலில் நடுவில் ஒரு புதிய மாறியைச் சேர்த்தேன், சரியாகிவிட்டது! எப்படி என்றால், பைட் வரிசை எந்த முகவரியிலும் தொடங்கலாம். புது மாறி வந்ததும் அது ஓரடி நகர்ந்து, 1 என்ற இடம் தற்செயலாக இரட்டைப்படையில் விழுந்தது. இப்படி 'சரியாகும்' பிழையை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஒழுங்கான வழி, பாயின்டரை மாற்றாமல் மெம்காப்பியால் இரண்டு பைட்டை ஒரு முறையான மாறிக்குள் நகலெடுப்பது. அல்லது இரண்டையும் தனித்தனியாக எடுத்து, பெரிய பைட்டை 8 பிட் இடப்பக்கம் நகர்த்திச் சின்னதோடு சேர்ப்பது. இரண்டாவது முறையில் எது பெரிய பைட் என்பதையும் நாமே எழுதிக் காட்டிவிடுவதால், பைட் வரிசைத் தகராறும் கூடவே தீரும். மெதுவாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். இன்றைய கம்பைலர்கள் செயலி அனுமதித்தால் இதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும். கெர்னலில் இதற்கென்றே கெட் அன்அலைன்ட் என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன.

இத்தகைய பிழைகளைத் தேட கம்பைலரிடமே உதவி கேட்கலாம். காஸ்ட் அலைன் எச்சரிக்கையைக் கண்டிப்பான வடிவத்தில் போட்டால் சந்தேகத்துக்குரிய பாயின்டர் மாற்றங்களைக் காட்டும். அலைன்மென்ட் சானிடைசரைப் போட்டு மேசைக் கணினியில் ஓட்டினால், இன்டெல் பொறுத்துக்கொள்ளும் பிழைகளையும் அது சத்தம் போட்டுச் சொல்லும். ஆனால் நான் முதலில் கை வைப்பது ஹெக்ஸ்டம்பில்தான். ஒரு வரிக்கு 16 பைட் காட்டுவதால், 16 பைட் ஸ்கேன் (ஒருமுறை அளந்த முழுப் பதிவு) வரிக்கு வரி நெட்டுக்குத்தாக நிற்கும். கடைசிப் பத்தியில் 49 18, 49 18 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குவதைப் பார்த்தாலே போதும்.

என் நிரலையும் டிரைவரையும் திருத்திப் போட்ட பிறகு வரைபடத்தில் நின்ற மோட்டார் நின்றது, ஓடும் மோட்டார் ஓடியது. அண்ணனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, மோட்டார் எவ்வளவு சூடாகிறது என்றும் இதிலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியும், அந்த சென்சாருக்குள்ளேயே ஒரு வெப்பமானி இருக்கிறது. அதன் அளவும் 2 பைட்தான். இசட்டுக்கும் நேரத்துக்கும் நடுவில் காலியாகக் கிடக்கும் 6, 7 ஆம் இடங்களில் அது சரியாகப் போய் உட்காரும். ஸ்கேன் அதே 16 பைட்.